பெரிய மாப்பிள்ளைக்கு மீன் தலை

உள்ளங்கையில் கற்பூரம் இருந்தது. என் கடைக் கற்பூரம்தான். விடியற்காலைக் காற்றில் அது சில்லென்று இருந்ததா, என் கைதான் சில்லிட்டுப் போயிருந்ததா, தெரியவில்லை.

பட்டினப்பாக்கம் மணலில் ஒரு நீல நிற ஃபைபர் படகு. முனையில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, ஒரு முழம் சாமந்தி சுற்றியிருந்தது. செருப்பை மணலிலேயே கழற்றச் சொல்லிவிட்டார்கள். படகுக்காரர் ஏழுமலை என் நெற்றியில் இருந்த விபூதிப் பட்டையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"சாமி, நீங்க ஏத்துங்க. டெய்லி நானே ஏத்திக்கினு கீறேன், என் மூஞ்சியப் பாத்துப் பாத்து கடலுக்கே சலிச்சிருக்கும். உங்கள மாதிரி பக்தியான ஆளு கைபட்டா இன்னிக்கு வலை நெறையும்."

பக்கத்தில் என் சகலை தனபால் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டிருந்தான். அவனும், நீங்களே ஏத்துங்கண்ணே என்றான்.

ஏற்றினேன். மூன்று முறை சுற்றினேன். வாய் முருகன் பெயரைச் சொன்னது. மனசு மட்டும் கூடச் சொல்லவில்லை. ஏனென்றால், அதற்கு அரைமணி நேரம் முன்னால்தான் எங்கள் தெருமுனைப் பிள்ளையாரிடம் நின்று, இன்றைக்கு அந்தப் படகுக்கு ஒரு மீன்கூடச் சிக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்திருந்தேன். அப்படி நடந்தால் சிதறு தேங்காய் உடைக்கிறேன் என்றும் சொல்லியிருந்தேன்.

சாமி கும்பிடுகிறவன் செய்கிற காரியமா இது என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் வேண்டிக்கொண்ட பிறகுதான் கேட்டுக்கொண்டேன்.

தலை என் தட்டுக்கு வந்த காலம்

மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் விளக்கு, மணி, கற்பூரம், திரிநூல் விற்கிற சின்னக் கடை என்னுடையது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கிருத்திகை தவறாமல் வடபழனிக்குப் போகிறவன். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை நாட்களில் கவிச்சியைத் தொடமாட்டேன். மற்ற நாளில், குறிப்பாக ஞாயிற்றுக்கிழமையில், மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. கடைக்கு வருகிற மாமிகளுக்கு இது தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது.

என் மனைவி சரோஜா வீட்டுக்கு மூத்த பெண். அவள் தங்கை வசந்தாவின் கணவன்தான் தனபால். மாமியார் வீடு மந்தைவெளியில். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவோம்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குழம்பில் பெரிய மீன் விழுந்தால், அதன் தலை மூத்த மாப்பிள்ளைக்கு. மாமனார் இருந்தவரை அவரே எடுத்து வைப்பார். அவருக்குப் பிறகு அத்தை வைப்பார்கள். முதலில் தலை என் தட்டில் இறங்கும். அப்புறம்தான் மற்றவர்களுக்குக் கரண்டி போகும்.

மீன் தலை சாப்பிடத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கன்னத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சதை இருக்கும், வெண்ணெய் மாதிரி. உள்ளே புளிக்குழம்பு இறங்கி ஊறியிருக்கும். அதை உறிஞ்சும்போது வருகிற சத்தத்துக்கு அந்த வீட்டில் ஒருவரும் முகம் சுளித்ததில்லை. மூத்த மாப்பிள்ளை சாப்பிடுகிறார் என்று அர்த்தம்.

ருசி ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிதாக எதுவும் சம்பாதிக்காதவனுக்கு, மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் முதல் கரண்டி தன் தட்டில் விழுவது சாதாரண விஷயமில்லை.

தனபாலுக்கு தி.நகரில் ரெடிமேட் துணிக்கடை. அடையாறில் சொந்த ஃபிளாட். கார். அதெல்லாம் முருகன் அவனுக்குக் கொடுத்தது, நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். முழுசாக விட்டுவிட்டேன் என்று எழுதினால் பொய். கார் வாங்கிய அன்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வந்தான். நான் மட்டும் முட்டி வலி என்று சொல்லி வாசலில் நின்றேன். எனக்கு அப்போது முட்டி வலி கிடையாது.

ஆனாலும் தலை என்னிடம் இருந்தது. அதனால் சமாளித்தேன்.

பிறகு அவனுக்குக் கடல் பைத்தியம் பிடித்தது. கடைக்குத் துணி வாங்க வந்த பழக்கத்தில் ஏழுமலையோடு சிநேகமாகி, மாதம் ஒருமுறை அவர் படகில் மீன் பிடிக்கப் போக ஆரம்பித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளி வீட்டுக்குள் கால் வைக்கும்போதே கையில் ஒரு சங்கரா மீன். செக்கச்செவேல் என்று, கைக்குழந்தை நீளம்.

அன்றைக்கு அத்தை தலையைக் கரண்டியில் எடுத்தார்கள். நான் வழக்கம்போல் தட்டில் சோற்றைக் கொஞ்சம் ஒதுக்கி இடம் பண்ணினேன். கரண்டி என்னைத் தாண்டிப் போனது.

"உசிரக் கையில புடிச்சிக்கிட்டுப் போய்ப் புடிச்சாந்திருக்காரு. புடிச்சவருக்குத்தானே தலை. இல்ல மாப்ள?" என்று என்னிடமே கேட்டார்கள்.

ஆமாம் அத்தை என்றேன். எனக்கு நடுத்துண்டு வந்தது. நல்ல துண்டுதான். அதில் ஒரு முள்ளைக்கூட நான் அன்று கண்டுபிடித்து எடுக்கவில்லை. அப்படியே மென்றேன்.

அதற்கப்புறம் மாதா மாதம் அதுதான் நடந்தது.

சந்நிதியிலும் வரும்

இந்தப் பொறாமை எனக்கு எங்கெல்லாம் வரும் என்று ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஒரு கிருத்திகைக்கு வடபழனியில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர், என் வயதுதான் இருக்கும், திரை விலகியதும் பொலபொலவென்று அழுதார். கையைக் கூப்பியபடி, கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. நான் இத்தனை வருஷமாக வருகிறேன், ஒரு சொட்டு வந்ததில்லை. அவரைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு எரிச்சல். முருகன் அவருக்கு மட்டும் என்ன காட்டினார் என்று எட்டி எட்டிப் பார்த்ததில், நான் தீபாராதனையையே தவறவிட்டேன்.

அப்படிப்பட்ட புத்தி எனக்கு. மீன் தலைக்கு வராமல் இருக்குமா?

நான் செய்த தப்பு

தனபால் என்னையும் கடலுக்குக் கூப்பிட்டான். ஒருமுறை அல்ல, நாலு முறை. வாங்கண்ணே, ஒருதரம் வந்து பாருங்க, நீங்களே ஒண்ணு புடிக்கலாம் என்று போன் மேல் போன். தன் பெருமையை நேரில் காட்டக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். மூன்று தடவை தட்டிக் கழித்தேன்.

நாலாவது தடவை எனக்கு வேறு யோசனை வந்தது. என் கண் முன்னால் இவன் ஒரு நாள் வெறுங்கையோடு திரும்பினால் எப்படி இருக்கும்? சரி வருகிறேன் என்றேன். போகிற வழியில் பிள்ளையாரிடம் நின்றேன்.

தப்பு எங்கே நடந்தது என்றால், அவசரத்தில். தனபால் கைக்குச் சிக்கக்கூடாது என்றுதான் மனசில் இருந்தது. ஆனால் சகலை பெயரைச் சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. பிள்ளையார் என்ன நினைப்பார்! அதனால், "அந்தப் படகுக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். அந்தப் படகை நம்பித்தான் ஏழுமலை வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படகில் நானும்தான் உட்காரப் போகிறேன் என்பதுகூடத் தோன்றவில்லை.

தீப்பெட்டி என் கைக்கு வந்தபோதுதான் இரண்டும் ஒன்றாகத் தோன்றின.

கடலுக்குள்

அலையைத் தாண்டும்வரை படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். முனை மேலே போகும்போது வானம் மட்டும் தெரியும். கீழே வரும்போது தண்ணீர் மட்டும் தெரியும். மோட்டாரின் மண்ணெண்ணெய் வாடையும் உப்புக் காற்றும் சேர்ந்து, பத்தாவது நிமிஷத்தில் வெறும் வயிற்றில் குடித்த காபி வெளியே வந்துவிட்டது.

தனபால் ஒரு கையால் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முதுகைத் தடவிக் கொடுத்தான். பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கீறி மூக்கருகே பிடித்தான். எனக்காகவே வாங்கி வைத்திருந்தானாம். அந்த நிலைமையிலும் எனக்கு, இவனுக்கு ஏன் வாந்தி வரவில்லை என்றுதான் இருந்தது.

அதற்கப்புறம் வயிறு அடங்கியது. சூரியன் வந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், நான் இந்த ஊரில் முப்பது வருஷமாகக் கடற்கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன். சூரியன் கடலிலிருந்து வருவதைக் கரையில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் முதுகைத் திருப்பி, அந்த வெளிச்சம் நம் ஊர்மேல் விழுவதை அன்றுதான் பார்த்தேன். லைட் ஹவுஸ் முதலில் சிவந்தது. அப்புறம் கட்டடங்களின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக.

மோட்டாரை நிறுத்துமுன் ஏழுமலை கரையைப் பார்த்துக்கொண்டே படகைக் கொஞ்சம் அப்படியும் இப்படியும் திருப்பினார். எதைப் பார்க்கிறார் என்று கேட்டேன். இரண்டு உயரக் கட்டடத்துக்கு நடுவே விரலை நீட்டினார்.

"உங்க கோயில் கோபுரம் சாமி. அது அந்தச் சந்துல வந்து நின்னா, கீழ பாறை கீதுன்னு அர்த்தம். பாறைலதான் மீன் நிக்கும்."

உற்றுப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் அளவுக்கு எங்கள் மயிலாப்பூர் கோபுரம். தினம் அதன் கீழே உட்கார்ந்து கற்பூரம் விற்கிறேன். அதைப் பார்த்து ஒரு மனிதர் கடலில் வழி கண்டுபிடித்து வயிறு வளர்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. படகில் உட்கார்ந்தபடியே கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு, காலையில் பிள்ளையாரிடம் சொன்னதை நினைத்துக் கையைச் சட்டென்று இறக்கினேன்.

ஏழுமலை வலையை இறக்கிவிட்டு, எங்கள் கையில் ஆளுக்கொரு நரம்பைக் கொடுத்தார். நைலான் கயிறு, நுனியில் தூண்டில் முள், முள்ளில் இறால் துண்டு. விரலில் சுற்றிக்கொண்டு உட்கார வேண்டும். கிடைக்குமா என்று வாயெடுத்தேன். அதை மட்டும் கடலில் கேட்கக்கூடாது என்று தனபால் உதட்டில் விரல் வைத்தான்.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று என் விரலில் ஒரு சுண்டு.

இதை எப்படி எழுதுவது? கண்ணுக்குத் தெரியாத ஆழத்திலிருந்து ஏதோ ஒரு உயிர் என் விரலைத் தொட்டு, இருக்கிறாயா என்று கேட்ட மாதிரி இருந்தது. அடுத்த நொடி முருகா, முருகா என்று கத்திக்கொண்டே நரம்பை இழுக்கிறேன். வரவேண்டும், வரவேண்டும் என்று உடம்பு முழுக்க வேண்டுகிறது. பிள்ளையாராவது, தேங்காயாவது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு யார் மேலும் பொறாமை இல்லை.

வந்தது சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கெளுத்திக் குஞ்சு. ஏழுமலை துணியால் பிடித்து முள்ளைக் கழற்றி, போய் உங்கப்பனக் கூட்டினு வா என்று சொல்லி, தண்ணீரிலேயே விட்டார்.

வலையில் வந்தது

வெயில் ஏறிய பிறகு வலையை இழுத்தோம். நானும் ஒரு கை பிடித்தேன். உள்ளங்கை சிவந்து எரிந்தது. இழுக்க இழுக்க வலை வெறுமனே வந்துகொண்டிருந்தது. கடைசியில் இரண்டு கை காரப்பொடி மீன், மூன்று நண்டு, ஒரு பிளாஸ்டிக் குடத்தின் வாய்.

வேண்டியது பலித்துவிட்டது. நான் நிமிர்ந்து தனபாலின் முகத்தைப் பார்த்தேன். அதைப் பார்க்கத்தானே வந்தேன்?

அவன் படகின் ஓரத்தில் மல்லாந்து சாய்ந்து, ஒரு காலைத் தண்ணீரில் விட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

ஏழுமலையிடம், இன்றைக்கு இப்படி ஆகிவிட்டதே என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"கடல் இன்னா நம்ம வூட்டு ஃபிரிட்ஜா சாமி, தொறந்தா எடுக்கறதுக்கு?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, வலையை மடித்தபடி அந்த மூன்று நண்டையும் மறுபடி எண்ணிப் பார்த்தார்.

தனபாலிடம், மாதா மாதம் சங்கராவாகப் பிடிக்கிறாயே, இன்று என்ன ஆயிற்று என்று கேட்டேன். குத்திக் காட்டத்தான் கேட்டேன்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். ஏழுமலையும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணே, வீட்ல சொல்லிராதீங்க. பத்துல ஒன்பதுதரம் இதே கதைதான். முதல் சங்கரா மட்டும் நெசமாவே நான் புடிச்சது. மத்ததெல்லாம் கரையில வாங்கினது."

ஏன் அப்படி என்றேன்.

"வெறுங்கையோட போனா வசந்தா அடுத்த மாசம் விடமாட்டா. மீனும் இல்ல, உசிருக்கும் பயம், எதுக்குப் போறீங்கன்னு கேப்பா. எனக்கு இங்க வரணும், அவ்வளவுதான். மீன் எதுக்குண்ணே?"

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அப்புறம் இன்னொண்ணு. அத்தை எனக்குத் தலையை வைக்கறப்ப உங்க மூஞ்சியப் பார்க்க முடியலண்ணே. எனக்குத் தலையே புடிக்காது. அந்தக் கண்ணைப் பார்த்தாலே கொமட்டும். மூச்சப் புடிச்சிக்கிட்டு முழுங்குவேன். நீங்க ஒரு தரம் வந்து புடிச்சிட்டா தலை மறுபடி உங்ககிட்டயே வந்துரும்ல. அதுக்குத்தான் இத்தனை தரம் கூப்பிட்டேன்."

கடல் அமைதியாக இருந்தது. அவன் கீறிக் கொடுத்த எலுமிச்சம்பழத்தை எடுத்து மறுபடி மூக்கருகே பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை அது மண்ணெண்ணெய் வாடைக்காக இல்லை.

மந்தைவெளியில்

கரைக்கு வந்ததும் தனபால் பக்கத்துப் படகிலிருந்து ஒரு பெரிய சங்கராவை வாங்கிக்கொண்டு வந்தான். என் கையில் கொடுத்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை.

அத்தை வாசலிலேயே கேட்டார்கள், யார் பிடித்தது என்று.

"பெரியவர்தான் அத்தை. எனக்கு இன்னிக்கு ஒண்ணும் சிக்கல" என்றான் தனபால்.

சரோஜா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். என் சுருங்கிப்போன வேட்டியையும், சிவந்த உள்ளங்கையையும், கையிலிருந்த மீனையும் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி ஒரு பார்வை. அதற்கப்புறம் நான் எப்படி உண்மையைச் சொல்வது?

தலை என் தட்டுக்கு வந்தது. முதல் கரண்டி. கன்னச் சதையை எடுத்து வாயில் வைத்தேன். குற்றம் செய்தவன் வாயில் ருசி தெரியாது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் ருசி தெரிந்தது. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

எதிரே தனபால் வால்துண்டைப் பிரித்துச் சோற்றோடு பிசைந்து, ஆசை ஆசையாய்ச் சாப்பிட்டான். நடுவே ஒருமுறை என் தட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். பிறத்தியார் தட்டைப் பார்த்து ஒருவனுக்கு எப்படி அப்படிச் சந்தோஷம் வரும்? எனக்கு ஏன் ஒரு நாளும் வந்ததில்லை?

துணிக்கடை, ஃபிளாட், கார் எதற்கும் நான் அவன் மேல் அந்த அளவு பொறாமைப்பட்டதில்லை. அன்றைக்கு அந்த வால்துண்டைப் பார்த்துப் பட்டேன்.

இது நடந்து இரண்டு மாசம் ஆகியிருக்கும். எழுதட்டுமா என்று தனபாலிடம் கேட்டேன். எழுதுங்கண்ணே, தலைத் தொல்லை எனக்கு ஒரேயடியா விடட்டும் என்றான். பிள்ளையாரிடம் நான் வேண்டிக்கொண்டது மட்டும் அவனுக்குத் தெரியாது. ஏழுமலைக்கும் தெரியாது. அவர்கள் இருவரும் இதை இங்கேதான் படிக்கப் போகிறார்கள். அத்தையும் படிப்பார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கரண்டி எந்தப் பக்கம் போனாலும் நான் சோற்றை ஒதுக்கி இடம் பண்ணப் போவதில்லை.

கடலுக்குப் போய்வந்த மறுநாள் காலை, கடை திறக்குமுன் தேங்காயோடு பிள்ளையாரிடம் போனேன். கேட்டதைக் கேட்டபடி கொடுத்தவருக்குப் பாக்கி வைக்க முடியாது. ஆனால் கொடுத்ததற்கு நன்றி என்று சொல்லவும் நாக்கு வரவில்லை. தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கடைசியில், இது நேற்றைக்கு இல்லை, அடுத்த மாதத்துக்கு என்று சொன்னேன். இந்தத் தடவை பொதுவாகச் சொல்லவில்லை. விவரமாக, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கேட்டேன்.

"பிள்ளையாரப்பா, ஏழுமலைக்கு வலை நிறைய. தனபாலுக்கு நாலு."

தேங்காயை ஓங்கினேன். கை அப்படியே நின்றது. எவ்வளவு முயற்சி பண்ணியும் அதைச் சொல்லாமல் என்னால் உடைக்க முடியவில்லை.

"எனக்கு அஞ்சு."